முன்னாள் படைவீரர்களுக்கான தற்கொலைத் தடுப்புப் பணி பயன் தருகிறதா என்பதை மலைக் கிராமங்களில் எப்படி அளப்பது?

கேள்வி
கோத்தகிரி ஹவில்தார் (ஓய்வு)

வணக்கம். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட கிராமங்களில் வசிக்கும் பட்டாளத்துக்காரர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, பென்ஷன் வந்த பிறகு மனம் ஒடுங்கிப்போகும் தோழர்களை வீட்டுக்குச் சென்று பார்ப்பது, தொலைபேசியில் விசாரிப்பது, தேவைப்பட்டால் மருத்துவமனைக்கு உடன் செல்வது ஆகிய பணிகளைச் செய்துவருகிறோம். எங்களுக்குச் சங்கப் பதிவோ அலுவலகமோ கிடையாது. ஒரு பதிவேடும் ஒரு கைபேசியும்தான் உண்டு. பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதும் இல்லை.

செலவுக்கு உதவிவரும் அன்பர் ஒருவர், "நீங்கள் தொடங்கிய பிறகு தற்கொலைகள் குறைந்திருக்கின்றனவா?" என்று அண்மையில் கேட்டார். நியாயமான கேள்விதான்; ஆனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதிவேட்டைப் புரட்டினால் எந்த ஊரில் கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை துண்டறிக்கைகள் கொடுத்தோம் என்பவைதாம் இருக்கின்றன. அவை எங்கள் அலைச்சலைக் காட்டுகின்றனவே தவிர, யாருக்கு என்ன நன்மை நடந்தது என்பதைக் காட்டவில்லை.

எங்கள் மாவட்டத்தில் சேவைகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. வெலிங்டனில் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்தினருக்கும் மருத்துவ வசதி தரும் இசிஎச்எஸ் திட்டம் இருக்கிறது. உதகையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. மாவட்ட மனநலத் திட்டமும், 14416 என்ற இலவசத் தொலைபேசிச் சேவையும் இருக்கின்றன. இத்தனை இருந்தும் ஒருவர் எல்லாவற்றுக்கும் நடுவே நழுவிப் போய்விடுகிறார் என்றால், அந்த நழுவல் எந்த இடத்தில் நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க என்ன வழி? எதை எண்ண வேண்டும், எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்
சமூக மருத்துவம் கற்பித்தவர், உதகை

ஹவில்தார் ஐயா, உங்கள் அன்பர் கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் தர முயலாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. காரணம் எளிய கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு 25.9 பேர் தற்கொலையால் இறந்தார்கள். நாடு முழுமைக்குமான விகிதம் 12.4. உங்கள் வட்டாரத்தில் முன்னாள் படைவீரர்கள் ஐயாயிரம் பேர் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மாநில விகிதத்தின்படி ஆண்டுக்கு ஓர் இறப்பு, சில ஆண்டுகளில் இரண்டு என்றுதான் கணக்கு வரும். இவ்வளவு சிறிய எண் ஓர் ஆண்டு சுழியமாகவும் அடுத்த ஆண்டு மூன்றாகவும் தற்செயலாகவே மாறும். சுழியம் வந்த ஆண்டில் "எங்களால்தான்" என்று நீங்கள் மார்தட்டினால், மூன்று வந்த ஆண்டில் "உங்களால்தான்" என்று பிறர் சொல்வதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். இரண்டுமே உண்மையாக இராது.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே ஒரு தனித் துறை இருக்கிறது. அது ஆண்டுதோறும் தற்கொலைத் தடுப்பு அறிக்கை வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டில் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலையால் இறந்ததாக அந்த அறிக்கை சொல்கிறது. அவ்வளவு பெரிய எண்ணை வைத்துக்கொண்டும், ஓர் ஆண்டின் ஏற்ற இறக்கத்தை எந்தத் திட்டத்தோடு முடிச்சுப் போடுவது என்பது அங்கே எளிதான காரியமாக இருக்கவில்லை. அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது வேறொன்று: 2015இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், அந்தத் துறையின் மனநல, தற்கொலைத் தடுப்புத் திட்டங்களைத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. தேர்வு எழுதியவரே விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்ற விதி உங்கள் பதிவேட்டுக்கும் பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறையாவது குழுவில் இல்லாத ஒருவர் அதைப் படித்துக் கேள்வி கேட்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போதும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குற்ற ஆவணக் காப்பகத்தின் தொழில்வாரிப் பட்டியலில் "ஓய்வுபெற்றவர்" என்ற பிரிவு இருக்கிறதே ஒழிய, முன்னாள் படைவீரர் என்ற பிரிவு இல்லை. முப்பத்தெட்டு வயதில் பென்ஷன் வந்து, கோயம்புத்தூரில் செக்யூரிட்டி வேலை பார்த்து, விடுமுறைக்கு ஊர் வந்திருந்த இடத்தில் இறந்துபோன ஒருவர் தனியார் ஊழியராகவே பதிவாவார். ஆஸ்திரேலியாவில் 1985 முதல் படையில் பணியாற்றியவர்களின் பணிக் கோப்புகளை இறப்புப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தார்கள். தாமாக விரும்பி வெளியேறியவர்களைவிட, உடல்நலக் காரணங்களால் விருப்பமின்றி வெளியே அனுப்பப்பட்டவர்களிடையே தற்கொலை விகிதம் மிக அதிகம் என்பது அப்படி இணைத்ததால்தான் தெரியவந்தது. அங்கே இதற்கென அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளோடு இறுதி அறிக்கை தந்தது. கோப்புகளை இணைக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆனால் பதிவேட்டில் ஒருவரின் பெயருக்கு எதிரே அவர் எப்படி வெளியே வந்தார், முழுப் பணி முடித்தா, மருத்துவக் காரணத்தாலா, ஒழுங்கு நடவடிக்கையாலா என்று ஒரு சொல் எழுதிவைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அவருடைய அனுமதியைத் தவிர.

சரி, எதை எண்ணுவது? இறப்பை விட்டுவிட்டு, உதவி ஒருவரைச் சென்றடையும் வழியிலுள்ள ஒவ்வொரு கைமாற்றத்தையும் எண்ணுங்கள். ஒருவர் துன்பத்தில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தகவல் வந்த நாளுக்கும் நீங்கள் அவரை நேரில் பார்த்த நாளுக்கும் இடையே எத்தனை நாட்கள் கடந்தன? மருத்துவமனைக்குச் செல்லச் சொன்னவர்களில் எத்தனை பேர் மருத்துவரைப் பார்த்தார்கள்? ஒருமுறை பார்த்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை போனார்கள்? உள்நோயாளியாக இருந்து வீடு திரும்பியவர்களில் எத்தனை பேரிடம் ஒரு வாரத்துக்குள் யாராவது பேசினார்கள்? இந்த எண்கள் எல்லாமே பின்னங்கள். பத்துப் பேரைப் பார்த்தோம் என்பதில் செய்தி ஏதும் இல்லை. பார்க்க வேண்டிய பன்னிரண்டு பேரில் பத்தா, அறுபது பேரில் பத்தா என்பதில்தான் இருக்கிறது. உங்கள் பதிவேட்டில் இப்போது மேல் எண்கள் மட்டும் இருக்கின்றன, கீழ் எண்கள் இல்லை.


பதில்
மனநலச் சமூகப் பணியாளர், குன்னூர்

மருத்துவர் ஐயா சொன்ன கைமாற்றங்களுள் எதில் மிகுந்த கவனம் வேண்டும் என்பதற்கு ஓரளவு தெளிவான சான்றுகள் இருக்கின்றன. மருத்துவமனையிலிருந்தோ அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்தோ வீடு திரும்பிய முதல் சில வாரங்கள்தாம் அவை. சேவைகள் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் கைவிடுகின்றன. "இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுப்பதோடு எங்கள் பக்கத்து வேலை முடிந்துவிடுகிறது.

அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையின் ஒன்பது மருத்துவமனைகளில், தற்கொலை எண்ணத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்த 1,640 பேரை ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றவர்களோடு உட்கார்ந்து பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதி, வீடு சென்ற 72 மணி நேரத்துக்குள் முதல் அழைப்பும் அதன் பிறகு தொடர் அழைப்புகளும் செய்தார்கள். அடுத்த ஆறு மாதங்களில், அழைப்புப் பெற்றவர்களிடையே தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவாக இருந்தன. அமெரிக்காவில் முடிந்தது இங்கே முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் சென்னையைச் சுட்டிக்காட்டுவேன். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் இடம்பெற்றார்கள். ஒரு மணி நேர உரையாடலும், அதன் பிறகு பதினெட்டு மாதங்களுக்கு விட்டு விட்டுச் செய்யப்பட்ட நலவிசாரிப்புகளும் பெற்றவர்களிடையே தற்கொலை இறப்பு 0.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடையே 2.2 விழுக்காடு. விலை உயர்ந்த மருந்தோ கருவியோ இதில் இல்லை. நேரில் போகிறவரும் தொலைபேசியில் விசாரிக்கிறவரும் போதும். அதாவது, நீங்கள் ஏற்கெனவே செய்துவரும் வேலையேதான், ஆனால் நாள் குறித்துச் செய்யப்படுவது.

பாதுகாப்புத் திட்டம் என்பது ஒரு பக்கத் தாள். மனம் கெட்டுப்போகப் போகிறது என்பதற்கு எனக்குத் தெரியும் அறிகுறிகள் எவை, அப்போது நானே செய்யக் கூடியது என்ன, எவரோடு போய் உட்காரலாம், எவரிடம் உதவி கேட்கலாம், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும், ஆபத்தான பொருட்களை வீட்டிலிருந்து எப்படி அப்புறப்படுத்துவது என்பவற்றை அவரே தம் சொற்களில் சொல்ல நாம் எழுதிக்கொள்வது. இதை மதிப்பிடும்போது "எத்தனை தாள்கள் நிரப்பப்பட்டன" என்று எண்ணினால் மீண்டும் துண்டறிக்கைக் கணக்குக்கே வந்துவிடுவோம். ஒரு மாதம் கழித்து அவரிடம் தாள் இருக்கிறதா, அதில் எழுதிய எண் இன்னும் இயங்குகிறதா, உதவி கேட்பதற்காகப் பெயர் குறிப்பிடப்பட்ட நண்பருக்குத் தம் பெயர் அதில் இருப்பது தெரியுமா என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "தெரியாது" என்ற பதில் எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதைப் பார்த்தால் வியப்படைவீர்கள்.

தொலைபேசிச் சேவையைப் பற்றியும் ஒரு சொல். 14416 என்ற டெலிமானஸ் 2022 அக்டோபர் 10 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. படையினருக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்குமென 2023 டிசம்பரில் புணே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவு ஒன்றும் தொடங்கப்பட்டிருக்கிறது. ஆனால் எண் இருப்பது வேறு, அழைப்பு சேர்வது வேறு. அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் நெருக்கடி உதவி எண்ணைப் பற்றி, சில அழைப்புகள் மாற்று மையத்தில் குரல் பதிவுக் கருவிக்குப் போய்விட்டன என்று தணிக்கையாளர் 2016இல் அறிக்கை தந்த பிறகுதான் இரண்டாவது மையம் திறந்து ஆட்களைக் கூட்டினார்கள். நம் மலையில் அழைப்பு அறுந்துபோவதற்கு மையம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. பள்ளத்தாக்கு ஊர்களில் கோபுரமே எட்டாது, ஆடி மாதக் காற்றில் மின்சாரம் போனால் எட்டிய கோபுரமும் நின்றுவிடும். எந்தெந்த ஊரில், எந்த இடத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும், கிடைக்காத ஊரில் தரைவழித் தொலைபேசியோ நடந்துபோய்ப் பார்க்கும் ஆளோ யார் என்று உங்கள் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இதை உங்களைத் தவிர வேறு எந்த அலுவலகமும் செய்யாது.


பதில்
கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து, முன்னாள் படைவீரரின் மனைவி

இரண்டு பதில்களையும் படித்தேன். மருத்துவமனை, அலுவலகம், தொலைபேசி என்று எல்லாக் கைமாற்றங்களையும் சொன்னவர்கள், முதல் கைமாற்றத்தை விட்டுவிட்டார்கள். ஒருவர் தூங்காமல் முற்றத்தில் நடப்பதையும், பச்சைத் தேயிலை போட்ட பணத்தைக் கேட்டுக்கூட வாங்காமல் விடுவதையும், ராணுவக் கேன்டீனில் வாங்கிய மது பாட்டில் மாதம் முழுவதும் வருவதற்குப் பதில் ஒரே வாரத்தில் தீர்ந்துபோவதையும் முதலில் பார்ப்பவர் வீட்டில் இருப்பவர்தாம். அவர் யாரிடம் சொல்ல வேண்டும்? என் கணவருக்கு உடல் நலமில்லாத காலத்தில் நான் ஒரு மருத்துவமனைக்குப் போய்ச் சொன்னபோது, "அவரை அழைத்து வாருங்கள், அவர் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது" என்று திருப்பி அனுப்பினார்கள். வர மறுக்கிறார் என்பதுதானே நான் சொல்ல வந்த செய்தி. சேவை நன்றாக இருக்கிறதா என்று நோயாளியைக் கேட்கிறீர்கள். மனைவியையும் தாயையும் கேட்டதாக எந்தப் படிவத்திலும் நான் பார்க்கவில்லை.

அடுத்தது, தோட்டத்து மருந்து. கேரட்டும் உருளைக்கிழங்கும் போடுகிற வீடுகளில் பூச்சி மருந்து கட்டிலுக்கு அடியிலோ சமையலறைப் பரண் மேலோ இருப்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி. பட்டாளத்திலிருந்து வந்தவர்களில் பலர் காய்கறித் தோட்டத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். மனநலக் கூட்டங்களில் தைரியமாக இருங்கள், யோகா செய்யுங்கள் என்றெல்லாம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மருந்தை வீட்டைவிட்டு வெளியே வையுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை.


பதில்
சமூக மருத்துவம் கற்பித்தவர், உதகை

அம்மா எழுதிய இரண்டாவது செய்தி இந்த விவாதத்திலேயே மிக முக்கியமானது. தற்கொலை எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் நீண்ட நேரம் நீடிப்பதில்லை; அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் இல்லையென்றால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள், பிழைத்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் பின்னர் தற்கொலையால் இறப்பதும் இல்லை. இலங்கையில் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்ததை அடுத்து, 1995இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது. நம் கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் ஈடுபட்டுவரும் சென்னையின் சிநேகா அமைப்பினர், பூச்சி மருந்தை வீடுகளில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் பூட்டறைப் பெட்டிகளில் வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். ஊர் மக்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஹட்டி என்று நாம் சொல்லும் ஒவ்வொரு மலைக் கிராமத்திலும் பொது இடம் ஒன்று இருக்கவே செய்கிறது. எத்தனை வீடுகளில் மருந்து வீட்டுக்கு வெளியே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பது நீங்கள் எளிதாக எண்ணக் கூடிய, ஆண்டுக்கு ஆண்டு மாறுவதைப் பார்க்கக் கூடிய ஒரு பின்னம்.


பதில்
ஓய்வுபெற்ற சுபேதார், கூடலூர்

எனக்கு இந்தக் கணக்கெடுப்பில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பட்டாளத்தில் "மனசு சரியில்லை" என்று எழுத்தில் வந்துவிட்டால் மருத்துவத் தரம் இறங்கும், துப்பாக்கி வாங்கி வைக்கப்படும், பதவி உயர்வு தள்ளிப்போகும் என்று பதினேழு, இருபது ஆண்டுகள் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். வெளியே வந்த பிறகும் அந்தப் பயம் போவதில்லை, அதில் நியாயமும் உண்டு. வங்கிக் காவலாளி வேலைக்குத் துப்பாக்கி உரிமம் வேண்டும்; உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மனநலச் சிகிச்சை பெற்றவர் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று நினைப்பவர், உங்கள் பதிவேட்டில் எப்படிப் பெயர் கொடுப்பார்? பெயர் கொடுத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, சேவை நன்றாக நடக்கிறது என்று நீங்கள் முடிவுகட்டுவீர்கள். அமெரிக்காவிலும் தற்கொலையால் இறக்கும் முன்னாள் படைவீரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அண்மைக் காலத்தில் அந்தத் துறையின் மருத்துவமனைக்கே போகாதவர்கள் என்று படித்திருக்கிறேன்.

இன்னொரு கூட்டத்தாரும் கணக்கில் வராதவர்கள். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப் படையில் இலங்கைக்குப் போய் வந்தவர்கள் இந்த மலையில் இருக்கிறார்கள். அவர்களுடைய அடுத்த தெருவிலேயே இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே பார்த்ததை இங்கே யாரிடம் பேசுவது? அறுபது வயதைக் கடந்துவிட்ட அவர்களிடம் எந்த முகாமும் அதைக் கேட்டதில்லை. வேறு மொழி பேசும் மருத்துவரிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசக் கூடிய காரியம் அல்ல அது.

இளையவர்களைப் பற்றியும் யோசியுங்கள். 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நான்கு பேருக்கு மூவர் நான்காண்டுகளில் வெளியே வரவிருக்கிறார்கள். ஓய்வூதியமோ இசிஎச்எஸ் வசதியோ இல்லாத ஏற்பாடு அது. பென்ஷன் பட்டியலை வைத்துச் சேவை செய்பவர்களின் கண்ணில் அவர்கள் படவே மாட்டார்கள்.


பதில்
மனநலச் சமூகப் பணியாளர், குன்னூர்

சுபேதார் சார் சொல்வதில் பெரும்பகுதியை மறுக்க முடியாது. இளையவர்களைப் பற்றிய அவருடைய கவலைக்கு ஆதாரமும் இருக்கிறது: 1996 முதல் 2005 வரை பிரிட்டன் படைகளை விட்டு வெளியேறியவர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வில், 24 வயதுக்கு உட்பட்ட ஆண்களிடையே தற்கொலை ஆபத்து அதே வயதுப் பொதுமக்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இருந்தது; குறுகிய காலம் பணியாற்றியவர்களிடையே ஆபத்து மேலும் கூடுதல். ஆகவே, ஊருக்குத் திரும்பும் ஒவ்வோர் இளைஞரையும் முதல் மாதத்திலேயே ஒருவர் போய்ப் பார்ப்பது என்பதைப் பென்ஷன் பட்டியலுக்கு வெளியே தனி வேலையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் யார் பட்டாளத்துக்குப் போனார்கள், யார் திரும்பினார்கள் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல.

துப்பாக்கி பற்றிய பயத்துக்கு ஒரு நடைமுறை வழி உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்தால் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, முடிந்ததும் திரும்பப் பெறுகிறார்கள். யாரும் அதை அவமானமாக நினைப்பதில்லை. உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடம் பாதுகாப்புக்காக வைக்கவும் விதிகளில் இடம் இருக்கிறது. மனம் சரியில்லாத சில வாரங்களுக்கு அவரே முன்வந்து அப்படி ஒப்படைப்பதாக இருந்தால் உரிமத்தைப் பறிக்கும் பேச்சே எழாது. இஸ்ரேலியப் படையில் வார இறுதி விடுப்பில் வீடு செல்லும் வீரர்கள் ஆயுதத்தை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று 2006இல் மாற்றியதும் தற்கொலைகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. அங்கே யாருடைய பணிக் குறிப்பிலும் எதுவும் எழுதப்படவில்லை. பொருள் இருந்த இடம் மாறியது, அவ்வளவுதான்.

வழக்குப் பயமும் பலரைத் தடுக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை. மருத்துவமனையில் காவல்துறைக்குத் தகவல் சொல்லும் நடைமுறை இன்னும் இருப்பதால், வழக்குப் போடுவார்கள் என்று குடும்பங்கள் நினைத்துக்கொண்டு தாமதிக்கின்றன. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சைத் தகவல்களின் ரகசியத்தை உரிமையாக்குகிறது என்பதை நாமும் மறக்கக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் "இன்னாருக்கு மனசு சரியில்லை, யாராவது போய்ப் பாருங்கள்" என்று எழுதும் பழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆயினும் அடுத்தவர் வாய் திறக்காமல் இருப்பதற்கு அது ஒன்றே போதும்.


கேள்வி கேட்டவர்
கோத்தகிரி ஹவில்தார் (ஓய்வு)

அனைவருக்கும் நன்றி. பதிவேட்டைப் புதிதாகக் கோடு போடத் தொடங்கியிருக்கிறேன். தகவல் வந்த நாள், நேரில் பார்த்த நாள், மருத்துவமனையிலிருந்து வீடு வந்த நாள், முதல் அழைப்பு, வெளியே வந்த வகை, வீட்டில் பூச்சி மருந்து இருக்கும் இடம் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறேன். பெயருக்குப் பதில் எண், பெயர்ப் பட்டியல் தனியாகப் பூட்டிய பெட்டியில். வாட்ஸ்அப் குழுவில் யாருடைய பெயரையும் எழுதுவதில்லை என்று முடிவுசெய்துவிட்டோம்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. கீழ் எண் வேண்டும் என்கிறீர்கள். எல்லா வீட்டுக்கும் போய்க் கணக்கெடுக்க எங்களிடம் ஆள் இல்லை. எல்லோரும் தாமாகவே வந்து சேரும் இடம் ஏதாவது உண்டா? இரண்டாவது, மனைவிமாரிடம் நாங்கள் போய்க் கேட்டால் அவர்கள் மனம்விட்டுச் சொல்வார்களா?


பதில்
சமூக மருத்துவம் கற்பித்தவர், உதகை

முதல் கேள்விக்கு என் பதில்: வாழ்நாள் சான்றிதழ். படைத்துறை ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற இணையவழி அமைப்புக்கு மாறிய பிறகும், ஆண்டுக்கொரு முறை ஒவ்வொரு ஓய்வூதியரும் தாம் உயிரோடு இருப்பதைப் பதிவுசெய்தே ஆக வேண்டும். முதியவர்கள் பலருக்கு அதைக் கைபேசியில் செய்யத் தெரியாது; விரல் ரேகை விழாமல், பென்ஷன் நின்றுவிடுமோ என்று பதறுகிறார்கள். உண்மையில் நின்றுபோனால் அதுவே ஒரு நெருக்கடி. நீங்கள் உங்கள் பகுதியில் அந்தப் பதிவுக்கு உதவும் மேசை ஒன்றைப் போடுங்கள். மனநல முகாம் என்று பலகை வைத்தால் வராதவர்கள், குடும்ப ஓய்வூதியம் பெறும் கைம்பெண்கள் உட்பட, இதற்கு வருவார்கள். வந்தவர்களின் எண்ணிக்கையே உங்கள் கீழ் எண்ணின் தொடக்கம். வேலை முடிந்து தேநீர் தரும்போது, கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா, மனச் சோர்வோ நம்பிக்கையின்மையோ இருந்ததா என்ற இரண்டு கேள்விகளைத் தனியாக, பிறர் காதில் விழாமல் கேளுங்கள். ஆம் என்பவரிடம் சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு நிபந்தனை: ஆம் என்று சொன்னவரை அன்றைக்கே பார்க்க ஒரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ இசைந்திருந்தால் மட்டுமே கேள்வியைத் தொடங்குங்கள்.

பென்ஷன் இல்லாதவர்கள் இந்த மேசைக்கு வரமாட்டார்கள். சுபேதார் சார் சொன்ன ஊர்ப் பட்டியல் அவர்களுக்காகத் தனியே வேண்டும்.


பதில்
கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து, முன்னாள் படைவீரரின் மனைவி

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நீங்கள் வந்து கேட்டால் சொல்ல மாட்டார்கள், அண்ணா. கணவரின் யூனிட்டைச் சேர்ந்தவரிடம் கணவரைப் பற்றிக் குறை சொல்வதாக ஆகிவிடும் என்று நினைப்பார்கள். கேன்டீனுக்கு வரும் நாட்களில் பெண்கள் வரிசையில் நெடுநேரம் காத்திருக்கிறோம். அந்த இடத்திலேயே பேச்சைத் தொடங்கலாம். எங்கள் பக்கத்தில் ஓரிரு பெண்கள் இதைச் செய்ய முன்வருவார்கள் என்று நினைக்கிறேன், நானும் இருக்கிறேன். சமூகப் பணியாளர் அம்மா எங்களுக்கு எப்படிக் கேட்பது, எப்போது உடனே மருத்துவமனைக்குச் சொல்வது, இரவில் யாரை அழைப்பது என்று கற்றுக்கொடுக்க வேண்டும். நாங்கள் எடுத்து வரும் செய்தியை யார் பெற்றுக்கொள்வார், எத்தனை நாளில் வந்து பார்ப்பார் என்பதை நீங்கள் முதலில் எழுதித் தாருங்கள். அது தெரியாமல் இன்னொரு பெண்ணிடம் போய், "சொல்லுங்கள், உதவி வரும்" என்று என்னால் சொல்ல முடியாது.


பதில்
மனநலச் சமூகப் பணியாளர், குன்னூர்

கற்றுக்கொடுக்க வருகிறேன், அம்மா. செய்தி வந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒருவர் நேரில் வர வேண்டும், உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் காத்திராமல் 108க்கு அழைக்க வேண்டும், பேச ஆள் வேண்டுமென்றால் எந்த நேரத்திலும் 14416 என்று அந்தத் தாளில் முதலில் எழுதுவோம். 72 மணி நேரம் எத்தனை முறை தவறியது என்பதையும் ஹவில்தார் ஐயா தம் பதிவேட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிடட்டும். உங்கள் அன்பருக்கு முதலில் காட்ட வேண்டிய எண் அதுதான்.